10 ரூபாய் டிக்கெட், திறந்த ஜன்னல்... அவசரமில்லாத ஒரு ரயில் பயணம்!

கோட்டக்குப்பத்துக்காரர்களுக்குப் பஸ்ஸைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்கு நடுவிலேயே போகிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. சென்னை பஸ், மரக்காணம் பஸ், சனி ஞாயிறு வந்தால் பாண்டிக்கு வரிசைகட்டும் கார்கள் என்று எல்லாவற்றையும் வாசலில் நின்றே பார்த்துவிடலாம். ரயில் மட்டும்தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மகாபலிபுரம், மரக்காணம் வழியாகக் கடலை ஒட்டிப் பாண்டிச்சேரிக்கு வர இன்றுவரை தண்டவாளம் கிடையாது.

அதனாலோ என்னவோ, இங்கே பல வீடுகளில் ரயில் பயணம் என்றால் ஒரே அர்த்தம்தான். ராத்திரி ஏறிப் படுக்க வேண்டும், விடிந்ததும் இறங்க வேண்டும். நடுவில் வந்த ஆறு, மலை, ஊர் எல்லாம் தூக்கத்தில் போய்விடும். வேலூர் ஆஸ்பத்திரிக்கோ, திருநெல்வேலி கல்யாணத்துக்கோ போய்ச் சேர்ந்தால் போதும் என்கிற பயணம் அது. அதில் தப்பில்லை. ஆனால், ரயிலில் போவதற்காகவே ரயிலில் போவது என்று ஒரு சுகம் இருக்கிறது. அதற்கு ஊட்டிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கோட்டக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டையைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டர் போனால் போதும்.

பாண்டிச்சேரி ஸ்டேஷன் அங்கேதான் இருக்கிறது. நகரத்தின் தென்கோடியில், திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குப் பக்கத்தில்.

ஆயாவும் பேத்தியும்

கோட்டக்குப்பத்தில் ஓர் ஆயா, பள்ளிக்கூட லீவில் இருக்கிற ஒரு பேத்தி என்று வைத்துக்கொள்வோம். பேத்தியின் கையில் போன். ஆயாவின் கையில் ஒரு கட்டைப்பை. பைக்குள் தண்ணீர் பாட்டில், எலுமிச்சை சாதம், ஒரு டப்பாவில் உருளைக்கிழங்கு வறுவல், உட்கார விரிக்க ஒரு பழைய துண்டு. ஷேர் ஆட்டோவைப் பிடித்து இருவரும் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்கள்.

விழுப்புரம் போகும் பாசஞ்சருக்கு ரிசர்வேஷன் எதுவும் வேண்டாம். கவுன்ட்டரில் கேட்டாலும் கொடுப்பார்கள், ரயில்ஒன் செயலியிலும் எடுத்துக்கொள்ளலாம். சாதாரண இரண்டாம் வகுப்பில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். விழுப்புரம் 38 கிலோமீட்டர்தான். ஆளுக்கு ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுக்குள் டிக்கெட் முடிந்துவிடும்.

"எப்ப ஆயா ட்ரெயின் எடுப்பாங்க?"

"எடுக்கும்போது எடுப்பாங்க. ஜன்னலோரம் கெடச்சுதுல்ல? உக்காரு."

இந்தப் பதில்தான் இந்தப் பயணத்துக்கு முதல் தகுதி. பாண்டிச்சேரி கடைசி ஸ்டேஷன் என்பதால் ரயில் இங்கிருந்துதான் கிளம்பும். கொஞ்சம் முன்னாடியே வந்தால் பிடித்த ஜன்னலைப் பிடித்துக்கொள்ளலாம். இன்னொரு வசதியும் உண்டு. காலையில் ரயில் மேற்கே போகிறது, சாயங்காலம் கிழக்கே திரும்புகிறது. போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்தால் இரண்டு வேளையும் வெயில் முதுகுக்குத்தான். கண் கூசாது.

வண்டி நகர்ந்து நகரத்தை விட்டு வெளியே வந்ததும் ஒன்றைக் கவனிக்கலாம். சாலையில் போனால் ஊர்களின் முகம் தெரியும். கடை, போர்டு, பேனர், கட்சிக் கொடி. ரயில் ஊர்களுக்குப் பின்பக்கமாகப் போகிறது. துணி காயும் கொடி, மாட்டுக் கொட்டகை, கிணற்றடியில் பாத்திரம் தேய்ப்பவர்கள், கொல்லையில் முருங்கை மரம், ரயிலைப் பார்த்ததும் ஓடிவந்து கை ஆட்டும் குழந்தை. யாரும் யாருக்காகவும் அலங்கரித்து வைக்காத பக்கம் அது. பஸ்ஸில் பத்து வருடம் அதே ஊரைக் கடந்தவருக்கும் இது புதிதாக இருக்கும்.

வில்லியனூர் வரும். அடுத்து சின்னபாபுசமுத்திரம், வளவனூர். கரும்பு, நெல், சவுக்குத் தோப்பு. பாண்டிச்சேரி எங்கே முடிந்தது, தமிழ்நாடு எங்கே தொடங்கியது என்று ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் 1879-ல் இந்தத் தடம் திறக்கப்பட்டபோது, இது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போன ரயில். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சி, விழுப்புரத்தில் ஆங்கிலேயர் ஆட்சி. 1954 நவம்பரில் பாண்டிச்சேரி இந்தியாவின் கைக்கு வரும்வரை அப்படித்தான். கோட்டக்குப்பமும் அன்றைக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் ஆங்கிலேயர் பகுதியில் இருந்த ஊர். பக்கத்துத் தெருவுக்குப் போகிற மாதிரி முத்தியால்பேட்டைக்குப் போய்வருகிற இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விழுப்புரம் வந்துவிடும். அங்கேயே டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினால் அரை நாள் பொழுது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதுவே போதும். கொஞ்சம் தெம்பு இருப்பவர்களுக்குத்தான் நிஜமான விருந்து இனிமேல்.

நாலு ஆறு, ஒரு ஜன்னல்

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து தண்டவாளம் ஐந்து திசைக்குப் பிரிகிறது. சென்னை, பாண்டிச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை. கடைசியாகச் சொன்னதைப் பழைய ஆட்கள் இன்னும் 'மெயின் லைன்' என்றுதான் சொல்வார்கள். விருத்தாசலம் வழிக் குறுக்குத் தடம் வருவதற்கு முன்னால் சென்னையிலிருந்து தஞ்சாவூர், திருச்சி பக்கம் போக இதுதான் பாதை.

விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்கு 122 கிலோமீட்டர். மீட்டர் கேஜாக இருந்து, அகலப் பாதையாகி 2010-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. எக்ஸ்பிரஸ்கள் இதில் ராத்திரி நேரத்தில் நிறையப் போகின்றன. பகலில் ஓடும் பாசஞ்சரில்தான் ருசி இருக்கிறது.

கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே தென்பெண்ணை. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் மணல்தான் அதிகம், நடுவில் ஒல்லியாகத் தண்ணீர். பிறகு பண்ருட்டி. சித்திரை, வைகாசியில் போனால் பலாப்பழ வாசனை பெட்டிக்குள்ளேயே ஏறிவிடும். யாராவது ஒருவர் கோணிப்பையில் முழுப்பழத்தோடு ஏறி, அதை ஒரு குழந்தையைப் போல சீட்டுக்கு அடியில் படுக்க வைப்பார். அப்புறம் நெல்லிக்குப்பம். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து சர்க்கரை ஆலைக்குப் பேர்போன ஊர். அரவை நடக்கிற நாட்களில் வருகிற வெல்லப்பாகு வாசனையை ஏசி பெட்டிக்காரர்கள் அறிய வழியே இல்லை.

கெடிலத்தைக் கடந்து திருப்பாதிரிப்புலியூர். அடுத்து கடலூர் துறைமுகம். இங்கேதான் தடம் தெற்கே திரும்புகிறது. இனி கடல் இடது பக்கம் சில கிலோமீட்டர் தூரத்தில் கூடவே வரும். கண்ணுக்குத் தெரியாது, காற்றில் தெரியும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை. மண்ணின் நிறம் மாறும், மரங்கள் குட்டையாகும், பனை கூடும். பரங்கிப்பேட்டை தாண்டியதும் வெள்ளாறு. கடலுக்குப் போய்ச்சேரப் போகிற அவசரமே இல்லாமல் அகலமாகக் கிடக்கும். கிள்ளையில் இறங்கினால் பிச்சாவரம் பக்கம்தான்.

சிதம்பரத்தில் பாதிப்பேர் இறங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு வல்லம்படுகை, அப்புறம் கொள்ளிடம் பாலம். பாலத்தில் ஏறியதும் ரயிலின் சத்தம் மாறும். தட தட என்றிருந்தது அடிவயிற்றிலிருந்து வருவதுபோல முழங்கும். பேச்சை நிறுத்திவிட்டு எல்லோரும் ஒருமுறை வெளியே பார்ப்பார்கள். தினமும் போகிற காலேஜ் பிள்ளைகள்கூட. கோடையில் போனால் நாணலும் மணலும். காவிரியில் வெள்ளம் வந்து கொள்ளிடத்தில் திறந்துவிட்ட நாட்களில் போனால் கரையிலிருந்து கரை வரை செம்மண் நிறத் தண்ணீர். இந்த ஒரு பாலத்துக்காகவே இரண்டு பருவத்தில் இரண்டு முறை போகலாம்.

சீர்காழி, வைத்தீஸ்வரன்கோவில், மயிலாடுதுறை. நாலு ஆறுகளைத் தாண்டி வந்தாயிற்று.

இதை காரில் போனால் சீக்கிரம் போய்விடலாமே என்று கேட்கலாம். போய்விடலாம்தான். ஆனால் காரில் ஒருவர் ஓட்ட வேண்டும். அவருக்கு ஆறும் கிடையாது, வயலும் கிடையாது, முன்னால் போகும் லாரியின் பின்பக்கம்தான். பாசஞ்சரில் குடும்பத்தில் எல்லோரும் பயணிகள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசலாம். ஆயா தன் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறை ரயில் ஏறிய கதையைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ, அவ்வளவு நேரம் இருக்கிறது.

வண்டி ஏன் நிற்கிறது?

பேத்திக்குப் பிடிக்காத இடம் ஒன்று வரும். நடு வழியில், ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றுவிடும். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். யாரும் ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

"என்ன ஆயா, ரிப்பேரா?"

"கிராஸிங்குடி."

ஒற்றைத் தடம் என்றால் எதிரெதிராக வரும் இரண்டு ரயில்கள் ஸ்டேஷனில்தான் ஒன்றை ஒன்று கடக்க முடியும். ஒன்று பக்கத்துத் தடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்குவது எப்போதும் பாசஞ்சர்தான். எக்ஸ்பிரஸ்ஸுக்கு வழிவிட்டு வழிவிட்டே அது ஊர் போய்ச் சேர்கிறது. மீட்டர் கேஜ் காலத்தில் இந்த ஒற்றைத் தடத்துக்கு 'டோக்கன்' இருந்தது. பிரம்பு வளையத்தில் மாட்டிய அந்த டோக்கன் டிரைவர் கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன்வரை தடம் அவருக்குச் சொந்தம். ஓடும் ரயிலிலிருந்து ஒரு வளையத்தை வீசிவிட்டு இன்னொன்றைக் கையில் வாங்கிக்கொள்ளும் காட்சியை நாற்பது வயதைத் தாண்டிய பலர் பார்த்திருப்பார்கள். இப்போது அந்த வேலையை சிக்னலே செய்துவிடுகிறது.

கிராஸிங் நேரம் வீணான நேரம் என்று எரிச்சல்படுபவர்களுக்குப் பாசஞ்சர் ஒத்துவராது. ஒத்துவருகிறவர்களுக்கு அதுதான் நல்ல இடம். மோட்டார் சத்தம் அடங்கியதும் புளியமரத்துக் கிளிகள் கேட்கும். வெள்ளரிப் பிஞ்சு விற்கும் அம்மா ஜன்னல் ஜன்னலாக வருவார். எலுமிச்சை சாதத்தை எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. எதிர் சீட்டுக்காரரிடம் "சாப்பிடுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டால், அவர் பையிலிருந்து ஏதாவது வெளியே வரும். பிறகு இறங்கும்வரை பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை.

மெதுவாகப் போவதைப் பார்க்கக்கூட ஆள் உண்டு என்பதற்கு நார்வே நாட்டில் ஒரு கதை இருக்கிறது. 2009-ல் அந்த நாட்டு அரசு தொலைக்காட்சி, பெர்கன் நகரிலிருந்து ஆஸ்லோவுக்குப் போகும் ரயிலின் பயணத்தை முழுசாக ஒளிபரப்பியது. ஏழு மணி நேரத்துக்கும் மேலே. கதை கிடையாது, நடிகர் கிடையாது. தண்டவாளம், பனி, சுரங்கம், மறுபடி தண்டவாளம். சுரங்கத்துக்குள் போகும்போது பழைய ரயில்வே காட்சிகளைக் காட்டினார்கள். யார் பார்ப்பார்கள் என்று நினைத்தால், சுமார் 12 லட்சம் பேர் அதில் கொஞ்சமாவது பார்த்தார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே அரைக் கோடிக்குள்தான்! சுவிட்சர்லாந்தில் கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்றே ஒன்று ஓடுகிறது. எட்டு மணி நேரம், 291 பாலம், 91 சுரங்கம். உலகின் மிக மெதுவான எக்ஸ்பிரஸ் என்பதுதான் அதற்கு விளம்பரம். கூரைவரை கண்ணாடி. ஒரே குறை, அந்தக் கண்ணாடியைத் திறக்க முடியாது. நெல்லிக்குப்பத்து வாசனை விஷயத்தில் நம்ம ஊர் பாசஞ்சர் ஒரு படி மேலே.

ஊட்டி ரயிலைச் சொல்லாமல் விட்டால்...

...கோபம் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும். 208 வளைவு, 250 பாலம், 16 சுரங்கம். 1899-ல் குன்னூர்வரை வந்து, 1908-ல் ஊட்டியைத் தொட்டது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் ஏற்றம் கடுமை என்பதால் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் வைத்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம். 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சியைப் பார்த்து அழுதவர்களுக்குக் கேத்தி ஸ்டேஷனைத் தெரியாமல் இருக்காது.

எல்லாம் சரி. டிக்கெட்? லீவு நாட்களில் ஆசைப்பட்டால் மாதக்கணக்கில் முன்கூட்டியே பார்க்க வேண்டும். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற மலைத்தடமும் அருமையானது. 1904-ல் வந்தது, 2018-ல் அகலப் பாதையாகத் திரும்பியது, 13 கண் பாலம் அதன் அடையாளம். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் கடல் மேல் போகலாம். ஆனால் மூன்றுமே கோட்டக்குப்பத்துக் குடும்பத்துக்கு இரண்டு மூன்று நாள் செலவு, தங்கும் அறை, லீவு லெட்டர். கொள்ளிடம் பாலத்துக்கு லீவு லெட்டர் வேண்டாம்.

10 ரூபாய் 30 ரூபாயான கதை

இந்தச் சுகத்துக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. பாசஞ்சர் ரயில்கள் யாருக்கும் செல்லப்பிள்ளை இல்லை. கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்ட ரயில்கள் திரும்ப வந்தபோது நாடு முழுக்கப் பல பாசஞ்சர்கள் 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' என்ற புதுப் பெயரோடு வந்தன. அதே பெட்டி, அதே ஸ்டேஷன்கள், கிராஸிங்கில் அதே காத்திருப்பு. குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10-லிருந்து 30 ரூபாய் ஆகிவிட்டது. பழைய கட்டணம் திரும்பக் கிடைக்க 2024 பிப்ரவரி வரை ஆனது. கூடைக்காரப் பெண்களுக்கும், கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும், கல்லூரிப் பிள்ளைகளுக்கும் போக 20, வர 20 என்று ஒரு நாளைக்கு 40 ரூபாய் கூடுதல். அதை அத்தனை நாள் கொடுத்துத்தான் போய்வந்தார்கள்.

2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் சலுகையும் நினைவிருக்கும். 58 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் பாதிக் கட்டணமாக இருந்தது. நம் ஆயா அந்தக் கணக்கை இன்னும் மறக்கவில்லை.

புதிதாக வருகிற பகட்டான ரயில்களுக்கு எல்லாம் ஏசி, எல்லாம் மூடிய கண்ணாடி, எல்லாம் வேகம். அவசரமாகப் போகிறவர்களுக்கு அது தேவைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஜன்னல் திறக்கிற, சின்ன ஸ்டேஷனில் நிற்கிற, ரிசர்வேஷன் கேட்காத ஒரு பகல் ரயில் ஒவ்வொரு தடத்திலும் இருந்தாக வேண்டும். அது வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக ஓடவில்லை. பண்ருட்டிப் பலாக்காரருக்காகவும் சிதம்பரம் காலேஜுக்காகவும் ஓடுகிறது. வேடிக்கை பார்க்கிறவர்கள் அந்தப் புண்ணியத்தில்தான் ஜன்னலோரம் உட்கார்கிறார்கள். இப்படி நாலு குடும்பம் டிக்கெட் எடுத்து ஏறினால் வண்டிக்கும் நல்லது.

உப்பளத்தின் நடுவே ஒரு ரயில் வந்தால்?

சென்னையிலிருந்து மகாபலிபுரம், பாண்டிச்சேரி வழியாகக் கடலூருக்குச் சுமார் 180 கிலோமீட்டர் புது ரயில் பாதை. இந்தத் திட்டம் ரயில்வே பட்ஜெட்டில் இடம்பிடித்தது 2000-களின் கடைசியில். அன்றைக்குப் பிறந்த குழந்தைகள் இன்றைக்குப் பள்ளிக்கூடப் படிப்பை முடிக்கப்போகிறார்கள். தண்டவாளம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

வந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்ய கோட்டக்குப்பத்துக்காரர்களுக்குக் கஷ்டமில்லை. வடக்கே பஸ் ஏறினால் மரக்காணம் உப்பளம். சாலைக்கு இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பு, வெள்ளைக் குவியல்கள், பின்னிரவில் வேலைக்கு இறங்கி வெயில் ஏறுவதற்குள் கரையேறும் ஆட்கள். பஸ்ஸில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் காட்சி. கண்டக்டரிடம் சில்லறை வாங்குவதற்குள் தாண்டிவிடும். பக்கத்திலேயே கழுவெளி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைகள் வரும் இடம்.

இந்தக் கரையில் மெதுவான பயணம் ஒருகாலத்தில் இருக்கத்தான் செய்தது. தண்டவாளத்தில் இல்லை, தண்ணீரில். ஆந்திராவின் பெத்தகஞ்சத்தில் தொடங்கி சென்னை வழியாக வரும் பக்கிங்ஹாம் கால்வாய், சுமார் 420 கிலோமீட்டர் ஓடி முடிவது மரக்காணத்தில்தான். 1806-ல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. 1870-களின் பெரும் பஞ்சத்தில் கூலிக்கு வந்த மக்களை வைத்து நகருக்குள் இருந்த இடைவெளியையும் வெட்டி இணைத்தார்கள். அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் பெயர் வந்தது அப்படித்தான். உப்பும் விறகும் அரிசியும் இதில் போயின. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கோல். அதுவும் போதாதென்றால் கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். பாண்டிச்சேரியின் பாரதிதாசன் சென்னையிலிருந்து நண்பர்களோடு மகாபலிபுரத்துக்கு இந்தக் கால்வாயில் படகில் போன அனுபவத்தைத்தான் 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையாக எழுதினார். ரயிலும் லாரியும் சரக்கை எடுத்துக்கொண்டன. 1960-களின் புயல்கள் கரைகளை உடைத்தன. சென்னையில் அந்தக் கால்வாய்க்கு உள்ளேயே தூண் நட்டுத்தான் பறக்கும் ரயில் ஓடுகிறது. படகின் பாதை மேல் ரயில்!

ஆகவே மரக்காணத்துக்கு ரயில் வந்தால், அது எப்படி வருகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். பாத்திகளை மூடிக்கொண்டு வருமா, கழுவெளிக்குத் தண்ணீர் வரும் வழியை மறித்துக்கொண்டு வருமா? அல்லது ஒதுங்கி வருமா? உப்பளத்துக் கூலியும் பறவையும் போன பிறகு ஜன்னல் வழியாகப் பார்க்க என்ன இருக்கும்? இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தத் தடத்தில் பாசஞ்சர் விடுவார்களா? மரக்காணத்தில் நிற்குமா? சென்னையிலிருந்து பாண்டிக்கு ஒரே மூச்சில் பறக்கும் ஏசி வண்டிகள் மட்டும்தான் என்றால், கோட்டக்குப்பத்துக்காரர்கள் இப்போது கார்களைப் பார்ப்பதுபோல ரயிலையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கிளம்புவதற்கு முன்...

பாசஞ்சர் நேரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். தண்டவாளப் பராமரிப்புக்காகத் திடீரென்று பாதி வழியோடு நிறுத்துவதும் உண்டு. அதனால் முந்தின நாள் ராத்திரி செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மயிலாடுதுறைவரை போகிறவர்கள் திரும்பி வருவதற்கான வண்டியை முதலில் பார்த்துவிட்டுப் போகிற வண்டியை முடிவுசெய்வது நல்லது. விழுப்புரத்தில் பாண்டிச்சேரி இணைப்பு வண்டி தவறினால் கவலையில்லை, பஸ் ராத்திரிவரை உண்டு. முதல்முறை போகிறவர்கள் சிதம்பரத்தோடு நிறுத்திக்கொண்டு, கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கொள்ளிடம் பாலம் மட்டும் மிச்சம் இருக்கும்.

வாசலில் கால் தொங்கவிட்டு உட்காராதீர்கள். ரீல்ஸுக்காக எட்டிப் பார்க்கவே பார்க்காதீர்கள். படிக்கட்டில் பயணம் செய்தால் ரயில்வே சட்டத்தில் அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. பாலத்தில் தூணுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் இடம் நினைப்பதைவிடக் குறைவு. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்தே எல்லாம் தெரியும்.

சாயங்காலம் வளவனூர் தாண்டும்போது பேத்தியின் போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும். காலையில் வலப்பக்கம் பார்த்ததை இப்போது இடப்பக்கம் பார்த்துக்கொண்டு வருவாள். ஆயா கட்டைப்பையில் தலையைச் சாய்த்து ஒரு தூக்கம் போட்டிருப்பார். வில்லியனூர் வந்ததும் எழுந்து, முதல் வேலையாக டப்பா மூடி பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பார்.

"ஆயா, அடுத்த தடவ அந்தப் பெரிய பாலத்துல தண்ணி வர்றப்ப போலாமா?"

"ஆடி பொறக்கட்டும். மேட்டூர்ல தண்ணி எவ்ளோன்னு பேப்பர்ல பாத்து சொல்லு."